ஆன்கி ஆப்பில் கன்னடம்: பெங்களூரில் ஒரு வீகன் மாணவியின் நீண்ட நாள் அனுபவம்

கார்டு கார்டாகச் சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி, பார்வைக்கு லட்சணமான ஆப் இல்லை. துள்ளிக் குதிக்கும் பொம்மை, பாராட்டு மழை எதுவும் கிடையாது. ஒரு கார்டு வரும். விடையை மனதுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். தெரிந்ததா இல்லையா என்று நாமே ஒரு பட்டனை அழுத்த வேண்டும். தெரிந்த கார்டு சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், அப்புறம் சில மாதம். தெரியாதது சற்று நேரத்திலேயே திரும்ப வந்து நிற்கும். எம்.எஸ்ஸி. படிக்க பெங்களூர் வந்த முதல் செமஸ்டரில் தொடங்கினேன். இப்போது ஆய்வு மாணவி. ஆப் இன்னும் போனில் இருக்கிறது, தினமும் திறக்கிறேன்.

வேறு ஆப் பார்க்கக் கூடாதா என்றால், டுவோலிங்கோவில் கன்னடப் பாடமே இல்லை. கடையில் கிடைக்கும் பேச்சுக் கன்னடப் புத்தகங்களில் 'உங்கள் பெயர் என்ன', 'ரயில் நிலையம் எங்கே' எல்லாம் இருக்கிறது. 'இந்தத் தாளிப்பு நெய்யிலா எண்ணெயிலா' என்பது இல்லை. பால், தயிர், நெய்கூடச் சேர்க்காத வீகனான எனக்குத் தினமும் வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான்.

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை வராது. அங்கே தமிழிலேயே காலம் தள்ளலாம், அதனாலேயே பல வருடம் இருந்தும் கன்னடம் வராதவர்கள் உண்டு. நான் தங்கும் பி.ஜி. விடுதி ராஜாஜிநகர் பக்கம். தர்ஷினி என்னும் சின்ன டிபன் கடைகளில் இட்லி, உளுந்து வடை, சாம்பார் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும். காராபாத்திலும் பிசிபேளேபாத்திலும் நெய், ரவா இட்லி மாவில் தயிர், மசாலா தோசை மேல் வெண்ணெய், சில கடைகளில் தேங்காய்ச் சட்னியில்கூடத் தயிர். 'வெஜ்தானே?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'ப்யூர் வெஜ் மேடம்' என்று பெருமையோடு பதில் வரும். வீகனுக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

எனவே என் டெக்கில், அதாவது கார்டுக் கட்டில், தனிச் சொற்கள் குறைவு, முழு வாக்கியங்கள் அதிகம். 'துப்ப ஹாக்பேடி' என்றால் நெய் போடாதீர்கள். 'ஒக்கரணெ துப்பதல்லா, எண்ணேலா?' என்பது தாளிப்புக் கேள்வி. 'சட்னிகே மொசரு ஹாக்கிதீரா?' என்றால் சட்னியில் தயிர் போட்டிருக்கிறீர்களா. நாளைக் காலை வாயைத் திறந்து சொல்லப்போகும் வாக்கியமாக இருந்தால் கார்டு இரண்டே நாளில் ஒட்டிக்கொள்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரெடிமேட் கன்னட டெக் ஒன்றையும் இறக்கிப் பார்த்தேன். 'யானை', 'அரசன்', 'மின்னல்' என்று வந்துகொண்டே இருந்தது. யானையோடு எனக்கு பெங்களூரில் இதுவரை வேலை வரவில்லை.

தமிழர்களுக்கென்றே தனியாகச் சில கார்டுகள் வேண்டும். தெரிந்த சொல் மாதிரி இருந்து ஏமாற்றுபவை அவை. 'மொசரு பஜ்ஜி' என்பது எண்ணெயில் பொரித்த பஜ்ஜி இல்லை, தயிர்ப் பச்சடி. 'மஜ்ஜிகே ஹுளி' நம் மோர்க்குழம்பு. மெட்ரோவில் 'முந்தின நில்தாண' என்று அறிவித்தால் அடுத்த ஸ்டேஷன்; நம் காதுக்கு அது தாண்டி வந்த ஸ்டேஷன் போலத்தான் கேட்கும். மாறாக, பால் ஹாலு ஆவதையும் வெண்ணெய் பெண்ணெ ஆவதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி சொற்களுக்குக் கார்டே தேவைப்படாது.

கார்டில் கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். இங்கே உங்களுக்காக அப்படி எழுதுகிறேன், ஆனால் படிக்க அது உதவாது. 'பேடி'யில் வரும் ப, 'பம்பர'த்தின் முதல் ப இல்லை, இரண்டாவது ப. தமிழ் எழுத்து அதைக் காட்டாது. கன்னட எழுத்தைப் படிக்க நான் நினைத்ததைவிடக் குறைந்த நாளே ஆனது. வ-வும் ம-வும் கொஞ்சம் குழப்பும், இரட்டை மெய்யில் இரண்டாவது எழுத்து கீழே தொங்குவது பழகச் சற்று நாளாகும். பி.எம்.டி.சி. என்ற மாநகரப் பஸ்களின் போர்டுகளே இலவசப் பயிற்சிப் புத்தகம்.

ஒலிக்கு போனின் ரோபோ குரல் வேண்டாம். கார்டிலேயே குரல் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அறைத்தோழியைப் பேசச் சொல்லிப் பதிந்தேன். அவள் ஹுப்பள்ளிப் பெண். 'ஹாக்பேடி'யை அவள் ஊர்ப் பேச்சில் 'ஹாக்பியாட்ரி' என்று சொன்னதை அப்படியே நான் தர்ஷினியில் சொல்ல, தோசைக்கல் அருகே நின்ற அண்ணா சிரித்துக்கொண்டே 'ஹுப்பள்ளியா?' என்று கேட்டார். அதன் பிறகு அங்கே என் தோசைக்கு எண்ணெய்தான், சொல்லவே தேவையில்லை. இன்னொரு லாபமும் உண்டு. வடகர்நாடகச் சாப்பாட்டை அவள்தான் காட்டினாள். ஜோளத ரொட்டி, வேர்க்கடலையும் எள்ளும் அடைத்த கத்திரிக்காயான எண்ணெகாயி, ஷேங்கா எனும் வேர்க்கடலைச் சட்னிப் பொடி. தயிரை மட்டும் தள்ளி வைத்தால் முழுத் தட்டும் வீகன். பெங்களூர் வரும் வீகன் மாணவர்கள் விலை உயர்ந்த கஃபேக்களைத் தேடுவதற்கு முன் கானாவளி எனப்படும் வடகர்நாடகச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஆப் கேள்வி கேட்கத்தான் கற்றுக்கொடுக்கும். வரும் பதிலைப் புரிந்துகொள்வது வேறு வித்தை. பி.ஜி. சமையல் அக்காவிடம் நெய் போட்டீர்களா என்று அழகாகக் கேட்டேன். 'துப்ப ஹாக்கில்லம்மா, மேலே ஸ்வல்ப ஹாக்தே அஷ்டே' என்றார். நெய் போடவில்லையாம், மேலே கொஞ்சம் விட்டாராம், அவ்வளவுதானாம். இந்த 'ஸ்வல்ப'வுக்கு எந்த டெக்கும் தயார் செய்யாது. இப்போது அவர் நெய் விடும் முன்பே எனக்கென்று ஒரு கரண்டி தனியாக எடுத்து வைக்கிறார். அது ஆன்கியால் வந்ததில்லை, தினமும் அடுப்படியில் நின்று பேசியதால் வந்தது.

செட்டிங்ஸில் மூன்று விஷயம் மட்டும் மாற்றினால் போதும். புது கார்டு நாளுக்கு 20 என்று ஆப்பிலேயே இருக்கும். அதை 5 ஆக்குங்கள். உற்சாகத்தில் 20 வைத்தால் இரண்டாவது வாரமே மறுபார்வை மலையாகக் குவியும். கார்டு எப்போது திரும்ப வரவேண்டும் என்று முடிவு செய்யும் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கீட்டை ஆன் செய்யுங்கள். 2023-இல் வந்தது, பழையதைவிட எனக்குக் கார்டுகள் குறைவாக வருகின்றன. அதை ஆன் செய்தபின், மறந்துபோன கார்டுக்கு 'ஹார்டு' அழுத்தக் கூடாது, 'அகெய்ன்'தான். மூன்றாவது, தேர்வு வாரத்தில் புது கார்டை பூஜ்யம் ஆக்கிவிட்டு மறுபார்வையை மட்டும் பஸ்ஸில் முடித்துவிடுங்கள். எட்டு முறை மறந்த கார்டை ஆப் தானே அடையாளமிட்டுக் காட்டும். அதைக் காப்பாற்ற முயலாமல் அழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் எழுதுவது நல்லது.

பாக்கெட் உணவுக்குக் கன்னடம் தேவையில்லை, கண் போதும். பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான். பால் இருந்தாலும் அதே புள்ளிதான். பொருட்பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை வரியில் பால் என்று இருக்கிறதா பாருங்கள், குளுக்கோஸ் பிஸ்கட் பலவற்றில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-இல் வீகனுக்கென்று தனி முத்திரை கொண்டுவந்தது, அது இருந்தால் வேலை சுலபம். லேபிள் இல்லாத பேக்கரி பன்னுக்கு மறுபடி கேள்விதான். 'துப்ப இல்ல, டால்டா' என்று கடைக்காரர் தயங்கிச் சொல்லும்போது மகிழ்ச்சியடையும் ஒரே வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். அப்புறம், வைட்டமின் பி12 எந்த ஹோட்டலிலும் கேட்டு வாங்க முடியாது. செடிவழி உணவில் நம்பும்படி அது இல்லை, உடம்பில் இருப்பு தீரப் பல காலம் ஆவதால் குறை தாமதமாகத்தான் தெரியும். டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் ஆன்கி இலவசம், ஐபோனில் காசு, அதுவும் கொஞ்சம் அதிகம். ஐபோன் வைத்திருக்கும் மாணவர்கள் முதலில் லேப்டாப்பில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பழக்கம் பிடித்தால் அப்புறம் வாங்கலாம். ஆன்கிவெப் கணக்கு ஒன்றைத் தொடங்கி வைத்துக்கொண்டால் லேப்டாப்பும் போனும் தானாக ஒத்துப்போகும். போன் தொலைந்தாலும் டெக் போகாது.