கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்த மை? கொழும்பிலிருந்து ஓர் அனுபவம்

வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்டவாக உள்ள வீட்டில் பல வருடங்களாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட்டு வருகிறேன். பெரும்பாலும் குடும்பங்களின் பழைய படங்கள். திவசம் நெருங்கும்போது அம்மம்மாவின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். நெகடிவ் இருக்காது, கையிலுள்ள அந்த ஒரு பிரதிதான். இலங்கையின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் அவரை அறிவது அவர் அச்சிட்டு வைத்த படங்களால்தான். அச்சு நிலைக்க வேண்டும் என்பதில் எனக்குள்ள பிடிவாதத்துக்கு அது போதும்.

முதலில் வைத்திருந்த பிரிண்டர் எப்சன் எல்1800, ஆறு நிறச் சாய மை, அதாவது நிறம் கரைந்திருக்கும் மை. செலவு குறைவு, பளபளப்புத் தாளில் கறுப்பு நன்றாக ஆழ்ந்து விழும். பிறகு பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள்களாலான மை போடும் எப்சன் பி800 வாங்கியதும், கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளிறும் ஒரே சாம்பல் படிவரிசையை இரண்டிலும் அச்சிட்டு, பாதியைக் கறுப்பு மட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டினேன். ஒரு வெயில்காலம் கழிந்து மட்டையை உரித்தபோது, சாய மைத் துண்டின் நடுச்சாம்பல் செம்மை தட்டிக் கிடந்தது. ஒளியோடு காற்றிலுள்ள ஓசோனும் சாயத்தை அரிக்கும். நீலம் முதலில் போனால் மிஞ்சுவது சிவப்புத்தான். பிக்மென்ட் துண்டில் மட்டையின் விளிம்பு எங்கே இருந்தது என்று சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டியிருந்தது.

ஆனால் பிக்மென்ட் என்ற ஒரு சொல்லோடு திருப்திப்படக் கூடாது. கறுப்பு பிக்மென்ட் என்பது கரி. அதை அசைப்பது கடினம். வண்ண பிக்மென்ட்கள் அதற்கு முன்னதாகவே மங்கும். சாதாரண வண்ண முறையில் அச்சிட்ட சாம்பலைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: நீலமும் சிவப்பும் மஞ்சளும் பொடிப்பொடியாகத் தெரியும். அவை ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் மங்கினால் சாம்பல் நிறம் மாறிவிடும். எப்சனின் கறுப்பு வெள்ளைக்கான தனி முறை, ஒரு முழுக் கறுப்பும் இரண்டு வெளிர் கறுப்புகளுமாக மூன்று கறுப்புகளை முன்னிறுத்தி, வண்ணத்தைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே சேர்க்கிறது. அதிலும் செப்பியாச் சாயலைத் தேர்ந்தால் வண்ண மை கூடிவிடும். கேட்டு வருபவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். ரோய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் என்ற அச்சு மென்பொருளில் வண்ணத்தை அறவே நிறுத்தி மூன்று கறுப்புகளால் மட்டும் அச்சிடலாம். கரிக்கே உரிய இளஞ்சூடான பழுப்புச் சாயல் வரும். அறுபதுகளின் ஸ்டூடியோப் படங்களுக்கு அது அவ்வளவு பொருந்துகிறது. இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் அச்சிடுகிறேன்.

பி800இல் முழுக் கறுப்பு இரண்டு வகை: பளபளப்பில்லாத தாளுக்கு மட் கறுப்பு, பளபளப்புத் தாளுக்கு போட்டோ கறுப்பு. இரண்டும் ஒரே வழியைப் பகிர்கின்றன. மாற்றும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். நான் மட் கறுப்பிலேயே நின்றுவிட்டேன். அதற்கு அடுத்து வந்த பி900இல் இந்தத் தொல்லை இல்லை.

தாள் பருத்தியாக இருக்கட்டும், வெண்மையூட்டி கலக்காததாக இருக்கட்டும். வெண்மையூட்டி தரும் வெண்மை சில வருடங்களில் தணிந்து தாள் மஞ்சளாகத் தோன்றும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பையைத் திறந்து விட்டால் தாள் சுருண்டு, ஓரம் அச்சுத்தலையில் உரசும்.

கடைகளில் போத்தலில் விற்கும் பெயரில்லாத ‘பிக்மென்ட்’ மையில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலிவு என்று அதை ஊற்றுவதைவிட, அசல் மையில் மாதத்துக்கு நாலு படம் குறைவாக அச்சிடலாம். வாங்கும்போது பெட்டியிலுள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். ஏசி அறையில் பிரிண்டர் இருந்தால், மை காய்ந்து நொசில் (மை வரும் துளை) அடைபடாமல் இருக்க, வாரம் ஒருமுறையாவது நொசில் சோதனைத் தாள் ஒன்றை எடுத்துவிடுங்கள்.