ஸ்ட்ராப் இல்லாத பேடில்: கை தண்ணியப் பிடிக்குதா இல்லையான்னு அதுவே காட்டிடும்

ஃப்ரீஸ்டைல் நீச்சல்ல தண்ணிக்கடியில கையை எப்படி இழுக்கறதுன்னு உருப்படியா கத்துக்கணும்னா, ஃபினிஸ் கம்பெனியோட அஜிலிட்டி பேடில், அதாவது உள்ளங்கையில மாட்டிக்கற பிளாஸ்டிக் தட்டு, வாங்குங்கன்னு கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். இதுல ரப்பர் பட்டையே கிடையாது, கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை, அவ்ளோதான். தண்ணி உள்ளங்கையில அழுத்திட்டு இருக்கற வரைக்கும் அது கையோட ஒட்டியிருக்கும், அழுத்தம் விட்டுச்சுன்னா அந்த இடத்துலயே கழண்டுக்கும்.

பட்டை வச்ச பெரிய பேடில்ல இந்த வசதி கிடையாது, எப்படி இழுத்தாலும் கையிலயே கிடக்கும், தப்பா இழுத்தா தோள்பட்டைக்குத்தான் கேடு.

எங்க கழண்டுச்சுங்கறதுதான் பாடமே. கை தண்ணிக்குள்ள போன உடனே கழண்டா கட்டைவிரல் முதல்ல இறங்குதுன்னு அர்த்தம். முன்னாடி நீட்டும்போது கழண்டா விரல் நுனி மேல தூக்கி, உள்ளங்கை முன்பக்கம் பாத்து நிக்குது, அதாவது நம்மளே பிரேக் போடறோம். விரல் நுனி லேசா கீழ சாய்ஞ்சு, முழங்கை மேலயே இருந்து, முன்கை மட்டும் இறங்கி விரல் குளத்துத் தரையப் பாக்கணும், பெரிய பீப்பாய் மேல கையப் போட்டு பின்னாடி தள்றாப்பல. கோச்சுங்க 'கேட்ச்'னு சொல்றது இதத்தான். அதுக்கப்புறம் இடுப்பு தாண்டற வரைக்கும் உள்ளங்கை பின்பக்கமே பாக்கணும், கடைசில மேல் பக்கம் திரும்பினா அங்கயும் நழுவிடும்.

சிங்கப்பூர்ல யீஷூன் நீச்சல் குளத்துல எங்க கூட நீந்தற ஒரு அண்ணன் இருக்காரு, நல்ல வேகம். அவருக்கு போட்டுப் பாக்கக் குடுத்தா இடது கை பேடில் மட்டும் கழண்டுட்டே இருக்கு, "தம்பி, இந்த ஓட்டை லூஸா இருக்குப்பா"ன்னாரு. "இல்லண்ணே, வலது பக்கம் மூச்சு எடுக்கும்போது மட்டும் கழளுது, கவனிச்சுப் பாருங்க"ன்னேன். தலைய வலது பக்கம் திருப்பற நேரத்துல இடது கை தண்ணிய கீழ அமுக்கி ஒரு தாங்கல் தேடுது, முழங்கை சரிஞ்சு கை அப்படியே வழுக்கிடுது. மூச்சு எடுத்து முடியற வரைக்கும் அந்தக் கைய முன்னாடி நீட்டியே வச்சிருங்கன்னு சொன்னதும் பேடில் கழளாம கையிலயே நின்னுச்சு.

இன்னொண்ணு, கைய எஸ் மாதிரி வளைச்சு வளைச்சு இழுக்கணும்னு இங்க பழைய ஆளுங்க நிறைய பேரு இன்னும் சொல்வாங்க. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 7 தங்கம் வாங்கின மார்க் ஸ்பிட்ஸுக்கு இந்தியானா யுனிவர்சிட்டில பயிற்சி குடுத்த கவுன்சில்மேன் காலத்துல பரவின கருத்து அது. உடம்பு உருளும்போது கை கொஞ்சம் வளையறது இயல்பு, அத விட்டுட்டு வேணும்னே பக்கவாட்டுல வீசினா பேடில் ஆட ஆரம்பிச்சிடும், நெஞ்சுக்கு நடுக்கோட்டத் தாண்டிப் போனாலும் அப்படித்தான். நேரா பின்னாடி தள்றதுதான் இதுல நிக்கும்.

முழு நேரமும் இதையே மாட்டிட்டு நீந்தாதீங்க. 50 மீட்டர் போட்டுட்டு, அடுத்த 50 வெறும் கையில போங்க, அப்பதான் உள்ளங்கையும் முன்கையும் சேந்து தண்ணியப் பிடிக்கறது நல்லாத் தெரியும். இடையில கால் நடுவுல மிதவை வச்சுட்டு நீந்தினா கவனம் பூரா கையில இருக்கும். தோள்ல ஏற்கனவே வலி இருக்கறவங்க இப்ப வாங்க வேணாம், முதல்ல டாக்டரையோ பிசியோவையோ பாருங்க. சிங்கப்பூரோட ஸ்விம்சேஃபர் நீச்சல் பாதுகாப்புப் பயிற்சியில கோல்ட் நிலை முடிச்சிட்டு போட்டிக்குத் தயாராகற பிள்ளைங்களுக்கு வாங்கறதா இருந்தா கோச்சுகிட்ட கேட்டுட்டு வாங்குங்க, வளர்ற தோள்பட்டை அது.

சைஸ் எடுக்கும்போது கைய விட ரொம்பப் பெருசா எடுக்காதீங்க, இது பலம் ஏத்தற சாமான் இல்ல. மிதக்கற மாடலும் தனியா விக்கறாங்க, ஆழமான லேன்ல நீந்தறவங்க அதையே வாங்கிக்கலாம், கழண்டா முங்கி எடுக்கற வேலை மிச்சம். சாயங்காலம் கூட்டம் இருக்கற நேரத்துல இந்த பிளாஸ்டிக் பக்கத்து ஆள் மேல பட்டா நல்லா வலிக்கும், அதனால லைஃப்கார்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு காலியான லேனா பாத்து மாட்டுங்க.