வீட்டிலிருந்தபடியே 1919ஐப் புரட்டலாம்: ட்ரோவ் ஒரு மதிப்புரை

2020 ஜூலை 8 அன்று கொரோனாவால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் – விக்டோரியா மாநில எல்லை மூடப்பட்டபோது, ‘1919க்குப் பிறகு இதுதான் முதல்முறை’ என்ற வரி செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வரிக்குப் பின்னால் இருந்த 1919 ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ கொள்ளைநோய்க் கூத்தை முழுசாகப் பார்க்க ட்ரோவ் போதும். எங்கும் போகாத நாலு நாள் விடுமுறைக்கு நல்ல துணை. பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படிக்க ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009இல் தொடங்கிய இணையதளம் இது. கட்டணம் கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்தும் திறக்கலாம்.

முகப்பிலேயே தேடினால் புத்தகம், படம், ஆய்வேடு எல்லாம் கலந்து கொட்டும். முதலில் செய்தித்தாள் பகுதிக்குப் போய், மேம்பட்ட தேடலில் மாநிலத்தையும் தேதியையும் குறுக்குங்கள்: 1918 நவம்பர் முதல் 1919 ஜூலை வரை. இன்று நாம் சொல்லும் ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’வைத் தட்டினால் பாதிதான் சிக்கும். அன்றைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் பெரும்பாலும் எழுதியது ‘நியூமானிக் இன்ஃப்ளுயன்ஸா’. அதை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். முடிவுகளைத் தேதி வரிசைக்கு மாற்ற மறக்க வேண்டாம். பொருத்த வரிசையில் படித்தால் எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது.

வரிசையாகப் படிக்கும்போதுதான் விஷயம் பிடிபடும். 1918 நவம்பர் இறுதியில் மெல்போர்னில் மாநிலங்களும் மத்திய அரசும் கூடி, நோய் வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தம் போட்டன. ஜனவரியில் நோய் வந்ததும் விக்டோரியா அறிவிக்கத் தாமதித்தது. ஒப்பந்தம் உடைந்து ஆளாளுக்கு எல்லையை மூடினார்கள். மெல்போர்னில் மாட்டிக்கொண்ட தெற்கு ஆஸ்திரேலியர்களை அடிலெய்டு கொண்டுபோய் ஜூபிலி ஓவல் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். சிட்னியில் முகக்கவசம் கட்டாயம், திரையரங்குகள் மூடல். ஒரே நாளின் செய்தியை மெல்போர்னின் ‘ஆர்கஸ்’, ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ இரண்டிலும் பாருங்கள். எல்லையோர மக்கள் பட்ட அவதிக்கு ‘ஆல்பரி பானர்’ இதழ்.

தலைப்புச் செய்தியைவிட விளம்பரப் பிரிவுதான் சுவை. வகை வடிகட்டியில் ‘அட்வர்டைசிங்’கைத் தேர்ந்தெடுத்தால் காய்ச்சலுக்கான கைமருந்து வியாபாரம் வரிசைகட்டி நிற்கும். ஆவி பிடிக்கும் கூடங்களைப் பற்றித் தெரிய ‘இன்ஹலேஷன்’ என்று தேடுங்கள். துத்தநாக சல்பேட் ஆவியை மக்கள் கூட்டமாக உள்ளே நின்று இழுத்தார்கள், தொற்றுக் காலத்தில்! தடுப்பூசிச் சண்டையும் உண்டு. ஆனால் 2021இன் கொரோனா தடுப்பூசிச் சண்டையை அப்படியே அதன்மேல் ஒட்டிவிடக் கூடாது. 1919 ஊசி பாக்டீரியாவை வைத்துச் செய்தது. மனித இன்ஃப்ளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான்.

பெரிய குறை எழுத்துணரி, அதாவது பக்கத்தின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள். மை படிந்த பக்கம், ஒட்டிய பத்திகள், வரிமுடிவில் உடைந்த சொல் எல்லாம் பிழையாகிவிடும். ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள். நீளமான சொல்லை விட்டுவிட்டு ‘மாஸ்க்’, ‘கேம்ப்’ மாதிரிக் குட்டிச் சொல்லோடு ஊர்ப்பெயரைச் சேர்த்துப் பாருங்கள். இடப்பக்கம் தெரியும் உரையை வாசகரே திருத்தலாம். திருத்தினால் அடுத்து தேடுபவருக்கு அது கிடைக்கும். கட்டுரைகளைப் பட்டியலாகச் சேமிக்கக் கணக்குத் திறக்க வேண்டும். முகவரிப் பட்டையில் இருப்பதை விட்டுவிட்டு, கட்டுரைக்கான நிலையான சுட்டியைக் குறித்துவையுங்கள்.

கைப்பேசியில் பெரிய பக்கத்தை நகர்த்திப் படிப்பது தண்டனை. கணினியோ டேப்லெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான இதழ்கள் 1954உடன் நின்றுவிடுகின்றன. ‘கான்பெரா டைம்ஸ்’ போன்ற சில மட்டுமே அதைத் தாண்டும். ஆகவே 2020 பக்கத்தை வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்நாட்டு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் 1877க்குப் போய் ‘மெட்ராஸ் ஃபேமின்’ (சென்னை மாகாணப் பஞ்சம்) என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.