கல்லடிக் காற்றில் ஆறு வருஷம்: என் கன்வஸில் எது நின்றது, எது போனது

2019 ஆகஸ்டில், கச்சான் என்று நாங்கள் சொல்கிற சூடான உலர் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் விறாந்தையில் பாய் விரித்து ஒரு கன்வஸ் செய்தேன். 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். பிடித்தமான பழைய சாமான்களை ஒட்டியும் தைத்தும், மேலே வர்ணம் பூசித் துடைத்தும், ஒரு தலைமுறையாகச் சுவரில் கிடந்தது போல ஆக்குகிற மிக்ஸ்ட் மீடியா வேலை. முடித்த அன்றே முன் அறையில் மாட்டினேன். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. இப்படியான வேலைகளைச் செய்கிறவர்கள் முடித்த அன்றைய படத்தைத்தான் காட்டுவார்கள். ஆறு மாரி கண்ட பிறகு அது எப்படி இருக்கிறது என்பதை நான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கேற்றுக்கு நேரத்துக்கு நேரம் பெயின்ட் அடிக்காவிட்டால் இரும்பு செதில் செதிலாகக் கழலும். மாரியில் அலுமாரிக்குள் மடித்து வைத்த சீலையிலும் பூஞ்சணம் பிடிக்கும். குளிர் நாட்டில், உலர்ந்த அறையில் இருந்து செய்கிறவர்கள் சொல்லித் தரும் முறைகள் இந்தக் காற்றுக்கு அப்படியே பொருந்தாது. இது எனக்குச் செய்த பிறகுதான் விளங்கியது.

முதலில் சாமான்களைச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. பொத்தான், லேஸ் துண்டு, கொளுக்கி, மெசின் பொபின் என்று தையல்காரி வீட்டில் சேருகிற எல்லாம் அதற்குள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது தையல் மெசின், அல்பம், உடுப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. பேணி மட்டும் தப்பியது. பெரியம்மா பிளவுஸ் தைக்கவென்று அதற்கு முந்தின கிழமைதான் அதை வாவிக்குள் இருக்கிற புளியந்தீவுக்கு எடுத்துப் போயிருந்தா. எங்கள் வீட்டில் 'பழையது' என்று சொல்ல அந்தப் பேணிதான் மிஞ்சியது. அதோடு, பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்) குடும்பத்து அன்ரி தன் கையால் பின்னிய லேஸ் ஒரு முழமும், அவவின் அப்பா செய்த அலுமாரியின் இரும்புத் திறப்பும் (சாவி) தந்தா. மட்டக்களப்பில் தச்சு, கொல்லு, தையல் என்றால் பறங்கியருக்கு ஒரு பேர் உண்டு. அந்தத் திறப்பைக் கையில் எடுத்தால் அது ஏன் என்று தெரியும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் ஒரு கரைத்துண்டு, பன் புல்லில் இழைத்த பாயின் கிழிந்த ஓரம், சிலோன் காலத்துச் சதுர ஐந்து சதம் இரண்டு, நெளிந்த விளிம்புப் பத்துச் சதம் ஒன்று, கல்லடிக் கடற்கரைச் சிப்பி ஒரு கைப்பிடி. நடுவில் அம்மம்மாவின் படம், அதற்குப் பின்னால் மங்கலாக 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தின் படம்.

படங்கள் இரண்டும் போட்டோகொப்பிதான். அசலை ஒட்டவில்லை. கொப்பி எடுக்கும்போது லேசர் மெசினில் எடுக்கக் கேளுங்கள். அதன் மை பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகிக் கடதாசியில் பிடிப்பது, ஈரம் பட்டாலும் கரையாது. வீட்டுப் பிரின்டரில் மை தெளித்து அடித்த கொப்பியை முதலில் முயன்றேன். மேலே அக்ரிலிக் ஜெல் மீடியம் என்ற ஒட்டுகிற பசையைத் தடவியதும் அம்மம்மாவின் கன்னம் நீலமாக ஓடியது. லேசர் கொப்பிகள் ஆறு வருஷத்தில் துளியும் மங்கவில்லை. கடதாசி மட்டும் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது, அது இந்த வேலைக்கு நல்லதுதான்.

அடித்தளம் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு. முந்தின காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் சுண்ணத்தூளை மிருகத்தோல் பசையில் குழைத்துப் பூசியது. இப்போது குப்பியில் வருவது அக்ரிலிக். நூல் வர்ணத்தைக் குடித்துவிடாமல் தடுத்து, மேலே வருகிறதுக்குப் பிடிமானம் கொடுக்கும். இரண்டு பூச்சுக் கொடுத்தேன். அதில் எனக்குக் குறையே இல்லை.

அடுத்து வெடிப்பு. பழைய சுவர் போல மேல்பூச்சு பாளம் பாளமாக வெடித்து நிற்க வேண்டும் என்று ஆசை. அதற்கென்று விற்கிற பசை இங்கே கிடைக்கவில்லை, ஹாட்வெயார் கடையில் வாங்கிய பைண்டர் கம்மைத்தான் பாவித்தேன். கம்மைத் தடிப்பாகப் பூசி, அது முழுசாகக் காயுமுன் மேலே வெளிர் அக்ரிலிக்கை ஒரே இழுப்பில் பூச வேண்டும். மேல்பூச்சு முதலில் காய்ந்து சுருங்கும், அடியில் இருக்கிற கம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும், அதனால் தோல் பிளக்கும். கச்சானில் பத்து நிமிஷத்தில் என் கண் முன்னேயே கோடு கோடாகப் பிளந்தது. அதே வேலையைப் பிறகு ஒரு மார்கழியில் செய்து பார்த்தேன், மேலும் கீழும் ஒன்றாகவே ஈரமாகக் கிடந்து ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே வெடிப்பு வேலை செய்ய நினைக்கிறவர்கள் வெயில் காலத்துக்குக் காத்திருங்கள். ஆனால் அந்தக் கம்தான் இந்தக் கன்வஸின் பெரிய பலவீனமும். ஈரத்தை இழுத்து இளகுகிற சாமான் அது. மூன்றாவது மாரியில் இடது மேல் மூலையில் பாளங்கள் ஓரம் தூக்கத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய தூரிகையால் ஜெல் மீடியம் விட்டு அமத்தினேன். இரண்டு நாள் வேலை. அதன் பிறகு தூக்கவில்லை.

இனித் திறப்பு. அதுதான் எனக்கு மனக்கஷ்டம் தந்தது. இரும்பை வெறுமனே ஜெல்லில் பதித்து, மேலே துரு நிறத்தில் வர்ணமும் தடவினேன். துரு போலத் தெரிய வேண்டுமென்று காசு கொடுத்து வர்ணம் வாங்கித் தடவினேன், கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு! ஒரு வருஷத்துக்குள் உண்மைத் துரு அடியிலிருந்து வந்தது. ஜெல்லிலும் ஜெஸ்ஸோவிலும் தண்ணீர் இருக்கிறது, அது காயுமுன்னேயே இரும்பு பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு உப்புக் காற்று. திறப்பைச் சுற்றிச் செம்மஞ்சள் கறை ஊறி, கீழே இருந்த லேஸின் ஒரு முனையையும் பிடித்துவிட்டது. அன்ரி கையால் பின்னியது. அந்தக் கறையை எந்த வழியாலும் எடுக்க முடியவில்லை. செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: திறப்பைச் சாண்ட் பேப்பரால் உரசி, எல்லாப் பக்கமும் எண்ணெய் சேர்ந்த தெளிவான வார்னிஷ் இரண்டு பூச்சுக் கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வைப்பது. அடுத்த கன்வஸில் அப்படி வைத்த ஆணி மூன்று வருஷமாகச் சுத்தமாக இருக்கிறது.

சதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிக்கல் கலந்த பித்தளை, கொஞ்சம் கறுத்திருக்கிறது, அழகாகவே கறுத்திருக்கிறது. ஆனால் விளிம்புகளில் தொட்டுவிட்ட தங்க நிறம் ஏமாற்றிவிட்டது. கடையில் சின்னப் பொட்டலத்தில் விற்ற தங்கப் பவுடரை வார்னிஷில் குழைத்துப் பூசினேன். அது செம்பும் நாகமும் கலந்த தூள், இந்தக் காற்றில் இரண்டு வருஷத்தில் சாணி நிறமாகிவிட்டது. மைக்கா கலந்த அக்ரிலிக் தங்கம் ஒரு மூலையில் மட்டும் பூசியிருந்தேன், அது பூசிய அன்று போலவே மின்னுகிறது. விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

சிப்பிகளை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே ஒட்டினேன். அப்படி ஒட்டியவை எல்லாம் நிற்கின்றன. அவசரத்தில் கழுவாமல் ஒட்டிய இரண்டு சிப்பியில் உப்பு இருந்திருக்க வேண்டும், மாரி வந்தால் அவற்றைச் சுற்றி மட்டும் ஈரம் கசிந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும்.

பன் பாய்த் துண்டை மாப்பசையால் ஒட்டினேன். சின்ன வயதில் பட்டம் கட்டும்போது அம்மா கிண்டித் தந்த பசை, அந்த நினைப்பில். கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வந்தன. மா இருக்கிற இடத்துக்கு அவை வராமல் இருக்காது. பாயின் கீழ் ஓரம் இப்போது பல் பல்லாக இருக்கிறது. மாப்பசையைக் கன்வஸில் பாவிக்க வேண்டாம். அக்ரிலிக் ஜெல்லைப் பூச்சி தொட்டதாக நான் காணவில்லை.

இவ்வளவும் வைத்த பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை ஜெஸ்ஸோவை மெல்லிசாகப் பூசி ஒரே நிறமாக்கி, அதன் மேல் கபில வர்ணத்தைத் தண்ணீராக்கி ஓடவிட்டு, துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மேடுகளில் வெள்ளையும் பள்ளங்களில் கபிலமும் நிற்கும். பல வகைச் சாமான்களை ஒரு குடும்பமாகக் காட்டுவது அந்தப் பூச்சுத்தான். முறையாகச் செய்கிறவர்கள் எதையும் மிச்சம் வைக்காமல் பூசுவார்கள். நான் தூரிகையோடு பேணிப் பொத்தான்களுக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டேன். பின்னால் நின்ற அம்மா கேட்டா: "என்னகா, அதையும் வெள்ளை அடிக்கப் போறியா?" ஒரு பொத்தான் கறுத்தச் சிப்பிப் பொத்தான், அப்பாவின் கலியாணச் சேட்டில் இருந்தது என்று அம்மா சொல்வா. எப்படிப் பூசுவது?

பூசவில்லை. ஒட்டவும் இல்லை. கன்வஸைப் புரட்டி, பின்பக்கமாக ஊசி விட்டு, மெழுகு தடவிய பருத்தி நூலால் பதினொரு பொத்தானையும் தைத்தேன். மருதமுனைத் துண்டையும் அப்படியே இழையோடினேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு சொல்கிறேன், இந்தக் கன்வஸில் தைத்தவற்றில் ஒன்றுகூட எந்தப் பராமரிப்பும் கேட்கவில்லை. ஒட்டியதில் ஏதோ ஒன்று ஒவ்வொரு மாரிக்கும் ஓரம் தூக்கியது, கறை விட்டது, பூச்சிக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. ஒட்டிய சாமான் திரும்பி வராது. லேஸை ஜெல்லில் தோய்த்துப் பதித்துவிட்டேன், அதனால்தான் கறை பிடித்தபோது கழற்றிக் கழுவ வழியில்லாமல் போனது. பிடித்த பொருளைக் கன்வஸில் போடாமல் பேணிக்குள்ளேயே பூட்டி வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பேணிக்குள் இருந்த பதினைந்து வருஷம் அதை யாரும் பார்த்ததில்லை, இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோரும் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். போடுங்கள். தைத்துப் போடுங்கள். தைக்க முடியாததை மெல்லிய செப்புக் கம்பியால் கட்டுங்கள். கொப்பியையும் கடதாசியையும் சிப்பியையும் ஒட்டுங்கள்.

கன்வஸைப் பற்றியும் ஒன்று. பாரம் கூடிய பிறகு துணி நடுவில் தொய்ந்தது, மாரியில் இன்னும் கூடத் தொய்ந்தது. பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் இறுகும் என்பது உண்மை, ஆனால் பாரம் இருந்தால் திரும்பவும் தொய்யும். தச்சரிடம் கொடுத்துச் சட்டத்துக்குள் பிளைவுட் பலகை ஒன்று அடித்தேன். பொத்தான் முடிச்சுகள் இருக்கிற இடங்களில் அவர் பலகையில் துளை விட்டுத் தந்தார். முதலிலேயே பலகையில் செய்திருந்தால் தைக்க முடியாது. துணியும் வேண்டும், தைத்து முடித்த பிறகு பின்னால் பலகையும் வேண்டும்.

2021இல் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கன்வஸைப் பொலித்தீனில் சுற்றி இரண்டு கிழமை வைத்தேன். பெரிய பிழை. அக்ரிலிக் சூட்டில் இளகும் தன்மை உள்ளது, நம் பங்குனி வெயிலில் பொலித்தீன் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது பாலத்தின் மேல் பகுதியில் வர்ணம் உரிந்து வந்தது. வைக்கத்தான் வேண்டுமென்றால் கேக் வேக வைக்கிற ஒட்டாத கடதாசியால் மூடி, காற்றோட்டமாக நிமிர்த்தி வையுங்கள்.

2022இல் தங்கைக்கு இன்னொன்று செய்தேன். அப்போது இறக்குமதிச் சாமான் கிடைப்பதே பாடு, ஜெஸ்ஸோ மட்டக்களப்பில் எங்கும் இல்லை. சுவருக்கு அடிக்கிற வெள்ளை இமல்சனும் கம்மும் சுண்ணத்தூளும் கலந்து நானே குழைத்தேன். தூளை அரித்துப் போட்டால் பூச்சு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் எனக்குத் தூள் கூடிவிட்டது, மூலைகளில் மாவாக உதிர்கிறது. அவசரத்துக்குப் பரவாயில்லை, பலகையில் என்றால் இன்னும் நிற்கும். வளைந்து கொடுக்கிற துணியில் நான் இனிப் பூசமாட்டேன்.

மேலே கடைசியாக மினுமினுப்பில்லாத வார்னிஷ். குப்பியை நன்றாகக் கலக்கிய பிறகு ஒரே ஒரு பூச்சு. இரண்டாவது பூச்சில் கபிலப் பள்ளங்கள் பனி மூடியது போல வெளுத்தன. வருஷத்துக்கு இரண்டு தரம், காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுகிறேன், ஈரத் துணி படவிடுவதில்லை.

போன வருஷம் தங்கையின் மகளுக்குப் பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு ஒரு சட்டை தைத்தா அம்மா. முதுகுக்குப் பொத்தான் ஒன்று குறைந்தது. கடைக்குப் போகலாம் என்றேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய், கன்வஸை இறக்கி, பின்பக்கம் நூலை வெட்டி, ஓரத்தில் இருந்த வெள்ளைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தா. அது இருந்த இடத்தில் கபிலம் பூசாத ஒரு வெள்ளை வட்டமும் இரண்டு ஊசித் துளையும் இருக்கின்றன. அதில் வேறு எதையும் நான் வைக்கவில்லை.