மழைத் தோட்டமா, நீர் இறங்கும் பேவர் கல்லா?

வண்டி நிறுத்தும் தளத்தில் விழும் மழைநீர் எண்ணெயையும் டயர் தூளையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகாமல், அங்கேயே மண்ணில் இறங்க வேண்டும். தளத்தையே, கல்லிடுக்கு வழியே நீர் இறங்கும் பேவர் கல்லாகப் போடலாம். அல்லது தளத்தை அப்படியே விட்டு, ஓரத்தில், ஓடிவரும் நீர் தேங்கி ஊறும்படி செடி நட்ட பள்ளமான மழைத் தோட்டம் அமைக்கலாம். இடம் இருந்தால் என் ஓட்டு தோட்டத்துக்குத்தான். காரணம் பராமரிப்பு.

கொள்ளளவில் பேவர் கல் சளைத்ததல்ல. அடியில் 30 செ.மீ. கனத்துக்கு ஒரே அளவான, தூள் போகக் கழுவிய ஜல்லி பரப்பினால் அதில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். சதுர மீட்டருக்கு 120 லிட்டர் நிற்கும். தனி இடமும் கேட்காது. நெருக்கடியான மனைக்கு வேறு வழியும் இல்லை.

வம்பு கல்லிடுக்கில்தான். தூசியும் இலைத்தூளும் இடுக்கின் மேல் 2 செ.மீ.யிலேயே படிந்து இறுகிவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது வேக்குவம் இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, குறைந்த இடத்தில் புதுச் சிப்ஸ் ஜல்லி நிரப்ப வேண்டும். பிரஷர் வாஷர் மட்டும் அடித்தால் தூசி இன்னும் ஆழத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண பேவர் போட்டுப் பழகிய ஆட்கள் இடுக்கில் மணலைக் கூட்டித் தள்ளிவிட்டாலோ, முதல் நாளே கதை முடிந்தது. இத்தனைக்கும் அடைப்பு வெளியே தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் மெல்ல ஊற்றிப் பாருங்கள்; இறங்காமல் படர்ந்து ஓடினால் அடைத்துவிட்டது.

தோட்டத்தில் கோளாறு கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். மழை ஓய்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் தேங்கியிருந்தால், மேலே படிந்த வண்டலை மண்வெட்டியால் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செடிகளின் வேர் மண்ணை இறுகவிடாது. அந்தக் கெடுவுக்குள் வடிந்துவிட்டால் கொசுவுக்கும் வேலையில்லை. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும்.

ஆனால் நீர் நுழையும் வாயைச் சரியாக வைக்க வேண்டும். அது தளத்தின் விளிம்பைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். சமமாக இருந்தால் வண்டலும் புல்லும் சேர்ந்து வரப்பு கட்டிக்கொள்ளும். தண்ணீர் தோட்டத்தைத் தாண்டி நேரே ஓடும். வாயை ஒட்டிக் கல் பாவிய சிறு குழி ஒன்று இருந்தால் கனமான மண் அங்கேயே தங்கும், அள்ளுவதும் சுலபம்.

அளவுக் கணக்கு எளிது. 200 சதுர மீட்டர் தளத்தில் 25 மி.மீ. மழை என்றால் 5,000 லிட்டர். 15 செ.மீ. நீர் நிற்கும் தோட்டமாக இருந்தால் சுமார் 33 சதுர மீட்டர் வேண்டும். மண்ணுக்குள் ஊறுவதைக் கணக்கில் எடுத்தால் இன்னும் குறையும். இடம் தேர்வதற்கு முன் 30 செ.மீ. குழி வெட்டி, நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 12 மி.மீ.கூட இறங்கவில்லையென்றால் அடியில் துளையிட்ட வடிகுழாய் வேண்டும். குழாயைத் துணியால் சுற்றாதீர்கள், துணிதான் முதலில் அடைக்கும்; சுற்றிலும் ஜல்லி போதும்.

தோட்டத்தில் நிரப்பும் மண்கலவையில் பெரும்பங்கு மணல், மீதி மேல்மண், மக்கு உரம் கொஞ்சமே. செடி செழிக்கட்டும் என்று உரத்தைக் கூட்டினால் பாஸ்பரஸ் வடிகுழாய் வழியே கசிந்து ஓடையில் பாசியை வளர்க்கும். அளவோடு போட்டால் இந்தக் கலவையின் வடிகட்டும் திறன் பெரிது. சாலைநீர் கலக்கும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைச் சாகடிப்பது டயர் ரப்பரிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் என்று 2020இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே, இத்தகைய மண்கலவையில் வடித்த சாலைநீரில் அதே மீன்கள் பிழைத்ததைச் சோதனைகள் காட்டியிருந்தன.

எது எத்தனை வருடம் தாங்கும் என்பது வந்து சேரும் வண்டலைப் பொறுத்தது. ஒரே எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். கரைந்த உப்பை இரண்டுமே பிடிக்காது. ஆகவே குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி அமையுங்கள். பெட்ரோல் நிரப்பும் தளத்து நீரையோ இரண்டிலுமே மண்ணுக்குள் விடக்கூடாது.