பாய்மரப் படகுப் பயிற்சி: சென்னை முகாமா, என்சிசி கடற்படைப் பிரிவா, பெங்களூரு ஏரியா?

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் இருந்துகொண்டு பிள்ளைக்குப் பாய்மரப் படகு பழக்கப் போகிறோம் என்றால், "இங்கே ஏதுங்க கடல்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஐஎல்சிஏ-4 என்னும் ஒருவர் ஓட்டும் பாய்மரப் படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். பழகியது போபாலின் பெரிய ஏரியில். நமக்காவது ஒரு ராத்திரி ரயிலில் சென்னை வந்துவிடும்.

எங்கள் மகளைச் சேர்க்கும் முன் மூன்று வழிகளை அலசினோம். வகுப்பறைப் பாடமும் படகும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். தண்ணீரில் ஒரு சுற்றுப் போய்வரத்தான் ஆசை என்றால் ஊட்டி ஏரியே போதும். கடைசியில் சென்னைத் துறைமுகத்துக் கோடை முகாமில் சேர்த்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லைஃப் ஜாக்கெட் போடாமல் எங்கும் படகில் ஏற்றக்கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் பொருத்திய மீட்புப் படகு ஒன்று கூடவே சுற்ற வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டாம். நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. கிணற்றில் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் குறைவு, ஆனால் ஜாக்கெட்டோடு மிதப்பது வேறு பழக்கம், அதை முகாமில் முதலில் சொல்லித்தருகிறார்கள். செலவைப் பொறுத்தவரை என்சிசியில் கட்டணம் கிடையாது. முகாமில் கட்டணத்தோடு சென்னையில் தங்குகிற செலவும் சேரும். சொந்தக்காரர் வீடு இருந்தால் பாதி பாரம் குறையும்.

இனி எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த விஷயம். கரும்பலகையில் ஒன்றைக் கேட்டதற்கும் அதைத் தண்ணீரில் செய்து பார்ப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது? ஒரு வேளையா, ஒரு மாதமா? மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் பார்த்தோம்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ 45 டிகிரி விட்டு, சாய்வாக ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். இதைப் பலகையில் கோடு போட்டால் செங்கோண முக்கோணம் வருகிறது. நேராக 100 மீட்டர் தொலைவில் இருக்கும் மிதவையை இப்படிப் போய்த் தொட, படகு 141 மீட்டர் ஓட வேண்டும். பள்ளியில் படிக்கும் பித்தாகரஸ்தான்.

எங்கள் மகள் போன முகாமில் இதைக் காலையில் சொல்லித்தந்தார்கள். மத்தியானம் அதே பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் படகில் தனியாக உட்கார்ந்து அந்த முக்கோணத்தைத் தண்ணீரில் போட்டார்கள். இந்த நேர ஏற்பாட்டுக்கு இயற்கையும் ஒத்துழைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும். அதுவரை வகுப்பு, முடிச்சு, பாய் கட்டுவது. காற்று வந்ததும் படகைத் தள்ளிவிடுவது.

ஆப்டிமிஸ்ட் என்பது 15 வயது வரையுள்ளவர்களுக்கான சின்னப் படகு. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. நீளம் 2.36 மீட்டர், உடற்பகுதியின் எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். முக்கியமானது, அதில் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரும் பாயை இழுக்கும் கயிறும் அதன் கையில். பக்கத்தில் யாரும் திருத்த முடியாது.

என் மகள் முதலில் திரும்ப முயன்றபோது, படகு காற்றுக்கு நேராக மூக்கை நீட்டி நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடிக்கிறது, டில்லரை எந்தப் பக்கம் ஆட்டினாலும் படகு கேட்கவில்லை. மீட்புப் படகில் இருந்த பயிற்சியாளர் கிட்டே வந்தார், ஆனால் கை வைக்கவில்லை. "காலையில என்ன சொன்னேன்? தள்ளு தள்ளு, இழு இழு" என்றார். பாயின் அடிக்கட்டையான பூமையும் டில்லரையும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். படகு மெல்லப் பின்னால் நகர்ந்து மூக்கைத் திருப்பும். அப்புறம் இரண்டையும் தன் பக்கம் இழுத்தால் பாயில் காற்று பிடிக்கும். அவள் செய்தாள், படகு கிளம்பிற்று. சாயங்காலம் கரையேறியதும் மறுபடி பலகை. சுக்கான் வேலை செய்ய அதன்மேல் தண்ணீர் ஓட வேண்டும், நின்ற படகுக்கு முன்னே போகும் வேகம் இல்லாததால் பின்னே போகும் வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டோம் என்று வரைந்து காட்டினார்கள். காலையில் கேட்டது, மத்தியானம் மாட்டிக்கொண்டது, சாயங்காலம் காரணம் புரிந்தது, எல்லாம் ஒரே நாளில். இதனால்தான் முகாமின் பக்கம் நிற்கிறேன்.

ஊருக்கு வந்ததும் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் தன் தாத்தாவான அப்பிச்சிக்கு மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். "ஏங்கண்ணு, காத்துக்கு எதுக்கால போகோணும்னா வளைஞ்சு வளைஞ்சுதான் போகோணுமா?" என்று கேட்டார். "ஆமாங் அப்பிச்சி, நேராப் போனா நின்னுக்கும்" என்றாள். தூரத்துக் காற்றாலை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சுலபமாக ஏறும் என்றே நினைக்கிறேன்.

சென்னையில் இதற்கு நல்ல வேர் உண்டு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் துறைமுகத்துக்குள்தான். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்ட நேத்ரா குமணன் பாய்மரத்தைத் தொட்டது அந்த அசோசியேஷனின் கோடை முகாம் ஒன்றில்தான். துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் நுழைவு அனுமதி வேண்டும். பெற்றோரின் அடையாள அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

என்சிசி கடற்படைப் பிரிவு பற்றி நான் சொல்வது அண்ணன் மகனைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. வகுப்பறைப் பக்கத்தை மட்டும் எடுத்தால் இதுதான் மூன்றிலும் கனமானது. கயிறு முடிச்சுகள், கப்பலின் பாகங்கள், கொடி அசைத்துச் செய்தி சொல்லும் செமஃபோர், கப்பல் மாதிரி செய்வது, துடுப்புப் படகு, அப்புறம் பாய்மரம். பள்ளியில் இரண்டு வருடம் முடித்தால் ஏ சான்றிதழ், கல்லூரியில் பி, சி. கடற்படைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த சி சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஒழுங்கும் வரும். அண்ணன் மகன் பவுலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான்.

ஆனால் பாய்மரத்தைத் தொட அவன் முகாம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தான். அதற்குள் வகுப்பில் கேட்டது வெறும் பரீட்சைப் பதிலாகிவிட்டது. அங்கேயும் பலர் சேர்ந்து ஏறும் படகு, டில்லர் கைக்கு வருவது கொஞ்ச நேரம். கடலோர ஊர்களில் இது வேறு மாதிரி இருக்கலாம், நான் பார்த்தது நம் பக்கத்து அனுபவம் மட்டும். எல்லாப் பள்ளியிலும் கடற்படைப் பிரிவு கிடையாது, பெரும்பாலும் தரைப்படைப் பிரிவுதான். பள்ளியில் பொதுவாக எட்டாம் வகுப்பில்தான் சேர்க்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது வழியே இல்லை.

பெங்களூருவில் அல்சூர் ஏரியில் ராணுவப் பொறியாளர் படையின் திரிஷ்ணா செய்லிங் கிளப் இருக்கிறது. அந்தப் பெயர், 1985இல் கிளம்பி 1987இல் உலகைச் சுற்றித் திரும்பிய அந்தப் படையின் பாய்மரப் படகின் பெயர். ஈரோடு, சேலம்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு கிட்டே. ஏரியில் அலை இல்லை, கரை எப்போதும் கண்ணில் படும், பயந்த பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஒரு குறை, சுற்றிலும் கட்டடமும் மரமும் இருப்பதால் காற்று நிலையாக வராது. திசை மாறிக்கொண்டே இருந்தால், புதிதாகப் பழகும் பிள்ளைக்குத் தன் தப்பு எது, காற்றின் விளையாட்டு எது என்று பிரித்தறிவது சிரமம். அடிப்படை பழகிய பிறகு அதே காற்று நல்ல ஆசிரியராகிவிடும் என்கிறார்கள். நாங்கள் கரையில் நின்று பார்த்ததோடு சரி, மகள் அங்கே படகு ஏறவில்லை.

விடுதியிலேயே தங்கிப் பள்ளிப் படிப்போடு பழகும் ராணுவ, கடற்படை பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி என்னும் பயிற்சிப் பிரிவுகளும் உண்டு, கோவாவில் ஐஎன்எஸ் மாண்டவி கடற்படைத் தளத்தில் நடப்பது போல. அது பிள்ளையின் முழு வாழ்க்கைக்கும் எடுக்கிற முடிவு, கோடை முகாமோடு சேர்த்து நிறுத்தி ஒப்பிட முடியாது.

மேட்டூர், பவானிசாகர், அமராவதி என்று இத்தனை பெரிய நீர்ப்பரப்பை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளைச் சென்னைக்கு ஏற்றிவிடுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. போபாலுக்கு ஓர் ஏரி போதுமாக இருந்தது. கோடை விடுமுறையில் அணைகளில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. தண்ணீரும் காற்றும் சேர்ந்து வரும் ஆடியில் பள்ளி நடக்கிறது. அதனால் விடுமுறை முகாம் என்கிற மாதிரி இங்கே அப்படியே பொருந்தாது. ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் காலையில் வகுப்பு, மத்தியானம் தண்ணீர் என்று அமராவதியில் பத்து ஆப்டிமிஸ்ட் இறக்கினால் உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம். விளையாட்டு ஆணையமும் நீர்வளத் துறையும் சேர்ந்து மனம் வைக்க வேண்டும்.

அதுவரை, உங்கள் பிள்ளைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வயது என்றால் நான் சென்னை முகாமைத்தான் சொல்வேன். சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர்? வகுப்பு முடிந்து எத்தனை மணி நேரத்தில் தண்ணீரில் இறக்குவீர்கள்? பதிமூன்று தாண்டி, பள்ளியிலேயே கடற்படைப் பிரிவும் இருந்தால் அதில் சேருங்கள், கூடவே ஒரு கோடை முகாமுக்கும் அனுப்புங்கள். முடிச்சும் செமஃபோரும் தெரிந்த பிள்ளை முகாமில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் படகேறிவிடும்.