போட்டி ஆட்டத்துக்கு வினைல் செஸ் செட்: வாங்கும்முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

கிளப் அளவிலான போட்டிகளுக்கு மர செட் அவசியமில்லை. சுருட்டி வைக்கும் வினைல் போர்டும் எடை ஏற்றிய பிளாஸ்டிக் காய்களும் நாலு மணி நேர ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 'டோர்னமென்ட் செட்' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரைப்படி ராஜாவின் உயரம் 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. காயும் போர்டும் பொருந்துகிறதா என்று பார்க்க ஸ்கேல் வேண்டாம்: ஒரே கட்டத்தில் நான்கு சிப்பாய்களை நெருக்கி நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டினால் அந்த ஜோடி சேராது.

எடைதான் உண்மையான சோதனை. கடைசி ஐந்து நிமிடத்தில் யானையை அவசரமாக நகர்த்தும்போது முழுக்கைச் சட்டையின் நுனி பட்டுப் பக்கத்துச் சிப்பாய் உருளும். விதிப்படி, தட்டிவிட்டவர் தன் கடிகாரம் ஓடும்போதே அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். எடையுள்ள காய் சற்றே தள்ளாடிவிட்டுத் தானே நிற்கும். காதருகே குலுக்கிப் பாருங்கள். கடகடவென்றால் உள்ளே இருக்கும் இரும்பின் பசை விட்டுவிட்டது. அடியில் ஒட்டிய ஃபெல்ட் துணியைப் பிரித்து, பசை வைத்து, ஒரு நாள் காயவிட்டால் சரியாகும். தாள் போன்ற மெல்லிய ஃபெல்ட் சீக்கிரமே ஓரத்தில் உரியும். அது ஒட்டிய செட்டைத் தவிர்ப்பதே நல்லது.

பிஷப்பின் தலைவெட்டு ஆழமாக இருக்கட்டும். மழுங்கிய பிஷப்பை நேர நெருக்கடியில் சிப்பாய் என்று எண்ணிவிடுவது நடக்கிற விஷயம்.

மொத்தம் 34 காய்கள் உள்ள செட்டாக வாங்குங்கள். கூடுதல் ராணி இரண்டும் வீண் அலங்காரமல்ல. சிப்பாய் எட்டாவது வரிசையை அடைந்து ராணியாக மாறும்போது ராணி கையில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடலாம். ராணிக்குப் பதில் யானையைத் தலைகீழாக வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தால், அது யானைதான், ராணி ஆகாது.

போர்டு மேட் பரப்பாக இருக்கட்டும், பளபளப்பில் விளக்கு எதிரொளித்துக் கண் கூசும். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தெளிவாக அச்சாகியிருந்தால் நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் பிழை குறையும். சுருட்டும்போது அச்சுப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். விரித்ததும் ஓரம் மேசையோடு படியும். மடித்து மட்டும் வைக்காதீர்கள், மடிப்புக் கோட்டில் காய் சாய்ந்தே நிற்கும்.